115 முனைகளில் எனக்கு உதவியவை நான்கு

சித்தியின் மடிக்கணினியின் அடிமூடியில் சிக்கியிருந்த பதினோராவது திருகாணி போன ஞாயிற்றுக்கிழமை ஒருவழியாகக் கழன்றது. மற்றப் பத்தும் சொன்னபடி வந்துவிட்டன. இந்த ஒன்று மட்டும் வாரக்கணக்கில் இழுத்தடித்தது. அந்த இழுபறியில் என் கருவிப் பெட்டியையே கொட்டிவிட்டுப் புதிதாகச் சேர்க்க வேண்டியதாயிற்று. எதை வாங்கினேன், எவ்வளவு கொடுத்தேன், எது உதவியது, எது சும்மா கிடக்கிறது என்பதை மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன்.

நான் தொழில்முறைத் திருத்துநர் இல்லை. கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஓர் ஒழுங்கையில் இருக்கிறேன். உறவினர், அயலவர் வீட்டுக் கணினிகள் வார இறுதியில் என் மேசைக்கு வரும். கூலி வாங்குவதில்லை, மாற்றும் பாகத்தின் விலையை மட்டும் வாங்கிக்கொள்வேன். ஆகவே இங்கே எழுதுவது வீட்டு மேசை ஒன்றுக்குத் தேவையான பெட்டியைப் பற்றித்தான். மதர்போர்டில் சிப் மாற்றுகிறவர்களின் உலகம் வேறு.

சித்தியின் கணினி 15.6 அங்குலத் திரை கொண்டது, ஆறு வயது. தங்கச்சி இணையவழி வகுப்பில் இருக்கும்போது கொதித்துத் தானாகவே அணைந்துவிடும். மின்விசிறியில் தூசு, செயலியின் மேல் காய்ந்துபோன, வெப்பத்தைக் கடத்தும் பசை. கேட்டவுடனேயே நோய் தெரிந்தது. திறந்து துப்புரவாக்கினால் முடிகிற வேலை. திறப்பதில்தான் சிக்கல்.

அப்போது என்னிடம் இருந்தது புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் 1,850 ரூபாவுக்கு வாங்கிய ஸ்குரூடிரைவர் முனைப் பெட்டி. மூடியில் ‘115 இன் 1’ என்று கொட்டை எழுத்து. முக்கோணம், யூ வடிவம், ஐந்து இதழ், நடுவில் துளையுள்ள டோர்க்ஸ் (ஆறுமுனை நட்சத்திரம்) என்று வரிசையாக மினுமினுக்கும். அவற்றில் பெரும்பாலானவற்றை நான் தொட்டதே இல்லை. என் மேசைக்கு வந்த மடிக்கணினிகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் பிலிப்ஸ் என்ற குறுக்குப் பள்ள வகையில் 00, 0, 1 என்ற மூன்று அளவுகளும் டோர்க்ஸ் டி5உம் திறந்துவிட்டன. மேசைக்கணினிக்குப் பிலிப்ஸ் 2 வேண்டும். ஆப்பிள் மடிக்கணினி வந்தால் அடிமூடிக்கு மட்டும் பி5 என்ற ஐந்து இதழ் முனை. இவ்வளவுதான். 115 முனைகளைச் செய்யும் செலவு இந்த நான்கைந்தின் மேல் விழுந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியிருந்திராது.

பதினோராவது திருகாணி பின்பக்க இடது மூலையில், திரையின் பிணைச்சலுக்கு நேர் கீழே இருந்தது. சித்தி வீட்டு யன்னல் கடலைப் பார்த்தது; அந்தக் காற்றில் திருகாணியின் தலையில் துரு பிடித்திருந்தது. பெட்டியிலிருந்த 0 முனையை நிமிர்த்தி வைத்து, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு திருப்பினேன். கால் வட்டம் போவதற்குள் கிறீச்சென்று வழுக்கியது. முனையைக் கைபேசிக் கமராவில் பெருப்பித்துப் பார்த்தேன். நான்கு இறகுகளில் இரண்டின் விளிம்பு உருண்டுவிட்டது. வெள்ளிப் பூச்சு சுருண்டு உரிந்து, உள்ளே மங்கலான சாம்பல் உலோகம் தெரிந்தது. திருகாணித் தலையில் இருந்த குறுக்குப் பள்ளம் ஓரங்கள் தேய்ந்து கிண்ணம்போல் ஆகத் தொடங்கியிருந்தது. முனை மெலிவாகவும் திருகாணி பிடிவாதமாகவும் இருந்தால் இரண்டும் சேர்ந்தே கெடும். முதல் வழுக்கலிலேயே கையை எடுத்துவிட வேண்டும். இன்னொரு முறை அழுத்திப் பார்க்கலாம் என்று தோன்றும் அந்த நொடியில்தான் பள்ளம் முழுவதும் போய்விடும்.

அகலமான இறப்பர் பட்டியை இடையில் வைத்துத் திருப்பும் வழியை முதலில் முயன்றேன். பட்டி கிழிந்தது. இந்த வழி பள்ளம் லேசாகத் தேய்ந்த, இறுக்கமில்லாத திருகாணிகளுக்குச் சரிவரும், துருப்பிடித்ததற்கு ஆகாது. பிறகு உடனடிப் பசையில் ஒரு துளியை விட்டு, தேய்ந்த முனையைத் தலையோடு ஒட்டி இரவு முழுவதும் வைத்தேன். காலையில் முனை மட்டும் பிசுபிசுப்போடு கையில் வந்தது.

அதன் பிறகுதான் முதலில் செய்திருக்க வேண்டிய காரியத்தைச் செய்தேன்: அந்த மாதிரியின் பராமரிப்புக் கையேட்டைத் தரவிறக்கினேன். லெனோவோ, டெல், எச்பி ஆகிய மூன்று நிறுவனங்களும் தங்கள் மடிக்கணினிகள் பலவற்றுக்கு இந்தக் கையேடுகளை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. எந்தத் திருகாணி எங்கே, விட்டம் எவ்வளவு, நீளம் எவ்வளவு, எதை முதலில் கழற்றுவது என்பதெல்லாம் படத்தோடு இருக்கும். ஒரு சதமும் செலவில்லாத கருவி. என் மூலையில் இருந்தது எம்2.5 அளவு, அதாவது 2.5 மில்லிமீற்றர் விட்டம், 7 மில்லிமீற்றர் நீளம். முக்கியமான செய்தி வேறு: பற்றரி முன்பக்கத்தில் கைகளை வைக்கும் இடத்துக்குக் கீழே இருந்தது. பிணைச்சல் மூலையில் அடப்டர் செருகும் துளையும் உலோகச் சட்டமும்தான். அப்படியானால் அங்கே சூடு வைக்கலாம். பற்றரிக்குப் பக்கத்தில் என்றால் இந்த முயற்சியை நினைத்தும் பார்க்கக்கூடாது.

வீட்டில் கிடந்த 60 வாட் சோல்டரிங் அயனை 350 பாகையில் வைத்தேன். திருகாணியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உருகாமல் இருக்க, சூடு தாங்கும் கப்டன் டேப்பில் சிறு துளை போட்டு ஒட்டினேன். அயனின் நுனியை தலையின் நடுவில் இருபது விநாடி வைத்தேன், ஆறவிட்டேன், மறுபடியும் வைத்தேன். பல திருகாணிகளின் புரியில் தானாக இளகாமல் இருக்க நீலப் பூச்சு ஒன்றைத் தொழிற்சாலையிலேயே பூசியிருப்பார்கள். சூட்டில் அது தளர்ந்துவிடும். துருவின் பிடியும் உலோகம் விரிந்து சுருங்கும்போது விட்டுக்கொடுக்கும். பிறகு புதிதாக வாங்கியிருந்த பிலிப்ஸ் 1 முனையைத் தேய்ந்த பள்ளத்தில் நிறுத்தி, சிறு சுத்தியலால் இரண்டு மெல்லிய தட்டு. ஒரு அளவு பெரிய முனை என்பதால் பள்ளத்தின் எஞ்சிய ஓரத்தைக் கடித்துக்கொண்டது. உள்ளே சுழலும் பாகமில்லாத எஸ்எஸ்டி வட்டு இருந்ததால்தான் தட்டத் துணிந்தேன். சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் சுத்தியலுக்கு இடமில்லை. அழுத்தித் திருப்ப, டக்கென்று இளகியது.

அந்தப் புதிய முனையை வாங்கிய கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பெட்டியின் மற்ற எல்லாச் சாமான்களையும்விட இதில்தான் காசு பேசுகிறது.

கடைக்குப் போகும்போது நெருப்புப் பெட்டி ஒன்றில் சில திருகாணிகளைப் போட்டுக்கொண்டு போனேன்: மடிக்கணினிகளிலிருந்து மிஞ்சிய எம்2, எம்2.5, மேசைக்கணினியிலிருந்து எம்3. கடைக்கார நானா என்னைக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் பார்த்தார்.

“எல்லோரும் பெரிய பெட்டியைத்தான் கேட்கிறார்கள், தம்பி. உங்களுக்கு ஏன் சின்னது?”

“பெரியது வீட்டில் இருக்கிறது, நானா. அதனால்தான் வந்தேன்.”

அவர் சிரித்துக்கொண்டே 24 முனைகள் கொண்ட ஒன்றை எடுத்து வைத்தார். எஸ்2 எஃகு என்று அச்சிட்டிருந்தது. மலிவான பெட்டிகளில் வருவது பெரும்பாலும் குரோம் வனேடியம் என்று எழுதப்பட்ட மென்மையான வகை. எஸ்2 அதைவிடக் கடினமானது, நுனி இலகுவில் உருளாது. ஆனால் அச்சிடுவதற்கு யாரும் காசு கேட்பதில்லை. ஆகவே கண்ணாடி மேசையில் திருகாணியை நிறுத்தி, அதன் பள்ளத்தில் முனையை வைத்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தேன். நல்ல முனை பள்ளத்தின் அடிவரை போய் உட்காரும். ஆட்டினால் திருகாணியும் சேர்ந்தே ஆடும். மோசமான முனை பாதியில் நின்று லொடலொடவென்று அசையும். என் பழைய பெட்டியின் 0 முனையையும் கொண்டுபோயிருந்தேன். அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது வேறுபாட்டை நானாவே ஒப்புக்கொண்டார். பேரம் பேசி 4,800 ரூபாவுக்கு வாங்கினேன்.

இன்னும் இரண்டு விடயங்களை அங்கேயே பார்த்தேன். ஒன்று, முனையின் தண்டு 4 மில்லிமீற்றர் தடிப்பு. பெரிய வேலைகளுக்கான முனைகள் கால் அங்குலத் தண்டில் வரும். அவற்றைப் பிடிக்கும் குழல் அதைவிடத் தடிப்பு. மடிக்கணினியின் அடிமூடியில் சில திருகாணிகள் ஆழமான குழிக்குள் இருக்கும். தடித்த குழல் குழியின் வாயில் நின்றுவிடும். மற்றது, கைப்பிடியின் மேல்தொப்பி சுழல்கிறதா என்பது. சுட்டுவிரலால் தொப்பியை அழுத்திக்கொண்டு பெருவிரலாலும் நடுவிரலாலும் உருட்டினால்தான் சிறு திருகாணி நேராக ஏறும். காந்தம் இருந்தால் நல்லது. முனையின் காந்தம் எஸ்எஸ்டியையோ ஹார்ட் டிஸ்கையோ கெடுத்துவிடும் என்ற பயம் தேவையற்றது.

ஐஃபிக்ஸிட் நிறுவனத்தின் 64 முனைத் தொகுப்பும், ஷாவோமி விஹாவோடு சேர்ந்து வெளியிட்ட 24 முனைத் தொகுப்பும் இதே 4 மில்லிமீற்றர் வகைதான். கிடைக்கிற இடத்தில் கிடைக்கிற விலைக்கு அவற்றில் ஒன்றை வாங்குகிறவர்களை நான் தடுக்கமாட்டேன். வெளிநாட்டிலிருந்து யாராவது வரும்போது சொல்லி அனுப்புவதற்குச் சொக்லேட்டைவிட அது பயனுள்ளது.

மேசைக்கணினிக்குத் தனியாக நீளமான பிலிப்ஸ் 2 ஒன்றைப் பழைய சோனகத் தெருவில் 650 ரூபாவுக்கு எடுத்தேன். 150 மில்லிமீற்றர் தண்டு, காந்த நுனி. பெட்டிக்குள் கைபோகாத மூலையில் திருகாணி விழுந்தால் அதன் அருமை தெரியும்.

திருகாணிகள் கழன்ற பிறகு மூடியைப் பிரிப்பது. பெரிய பெட்டியோடு வந்த உலோக நெம்பி நல்ல பலம்தான். ஆனால் பிளாஸ்டிக்கின் ஓரத்தைப் பல்லுப் பல்லாகச் சிதைத்துவிடும். கிற்றார் வாசிக்கும் சிறு முக்கோணத் தகடுகள் நாலை இசைக்கருவிக் கடையில் 200 ரூபாவுக்கு வாங்கினேன். கூடவே பிளாஸ்டிக் நெம்பிகள் ஒரு தொகுதி, 350. பிணைச்சல் பக்கத்து இடுக்கில் ஒரு தகட்டைச் செருகி, அதை அங்கேயே விட்டுவிட்டு, அடுத்ததை ஒரு சாண் தள்ளிச் செருகி, ஓரமாக நகர்த்திக்கொண்டு போக வேண்டும். கொக்கிகள் ஒவ்வொன்றாகப் படக் படக்கென்று விடும். ஓர் இடத்தில் அந்தச் சத்தம் வராமல் மூடி வளைந்தால் இழுக்கக்கூடாது. அங்கே ஏதோ ஒரு திருகாணி இறப்பர்க் காலுக்கு அடியிலோ ஒட்டுத்தாளுக்கு அடியிலோ ஒளிந்திருக்கிறது என்று பொருள்.

உள்ளே முதல் வேலை பற்றரியின் இணைப்பைக் கழற்றுவது. பிறகு மின்பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடிப்பது. இதைச் செய்யாமல் எந்தக் கருவியையும் உள்ளே விடுவதில்லை. அடுத்து நாடா இணைப்புகள். விசைப்பலகை, தொடுபலகை நாடாக்களைப் பிடித்திருக்கும் இணைப்பியில் ஒரு மெல்லிய நாக்கு இருக்கும். சிலவற்றில் அதை நகத்தால் மேலே புரட்ட வேண்டும். சிலவற்றில் இரண்டு காதுகளையும் ஒரு மில்லிமீற்றர் வெளியே இழுக்க வேண்டும். எந்த வகை என்று தெரியாமல் புரட்டினால் நாக்கு உடைந்து பறந்துவிடும். அது தனியாக விற்பனைக்கும் கிடைக்காது. சாமணங்கள் இரண்டு வாங்கினேன், நேர்நுனி ஒன்று, வளைநுனி ஒன்று, சேர்த்து 700 ரூபா. நாடாவைத் திரும்பச் செருகுவதற்கு வளைநுனிதான் உகந்தது. மூக்குத்தி போடும் கடையில் இருப்பதுபோன்ற அகல நுனிச் சாமணம் இங்கே உதவாது.

மின்விசிறியைத் திறந்தபோது காற்று வெளியேறும் செப்புத் தகடுகளின் உட்பக்கத்தில் தூசும் தலைமுடியும் சேர்ந்து தடித்த திரையாக ஒட்டியிருந்தது. சாமணத்தால் ஒரே துண்டாக உரித்தெடுத்தேன். மிச்சத்துக்கு ஒரு தூரிகையும், கமரா வில்லை துடைப்பவர்கள் வைத்திருக்கும் இறப்பர் ஊதியும், 900 ரூபா. ஊதும்போது விசிறியின் இறகை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். கட்டுப்பாடின்றிச் சுழன்றால் தாங்கிக்குக் கேடு.

பசைக்கு ஆர்க்டிக் எம்எக்ஸ்-4, 4 கிராம் ஊசி, 2,600 ரூபா. பல கணினிகளுக்கு வரும். செயலிக்கு அருகிலுள்ள சில சிறு சிப்களின் மேல் பசைக்குப் பதிலாக மென்மையான வெப்பப் பட்டைகள் இருந்தன. தொட்டவுடன் கிழிந்தன. அவற்றுக்குப் பதில் வாங்கும்போது தடிப்பு முக்கியம். 0.5 மில்லிமீற்றருக்குப் பதில் 1 மில்லிமீற்றர் வைத்தால் வெப்பத் தகடு எழும்பி, செயலியோடு சரியாக ஒட்டாது. குளிராக்கப் போய் மேலும் கொதிக்க வைத்த கதையாகும். தடிப்பை அளக்கும் பிளாஸ்டிக் வேர்னியர் ஒன்று 650 ரூபா. ஆனால் பழைய பட்டை நசுங்கியிருக்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்; ஓரத்தில் பிதுங்கி நிற்கும் நசுங்காத பகுதியை அளந்தேன், 1க்குக் கிட்ட வந்தது. 0.5, 1 இரண்டிலும் ஒவ்வொரு தாள், 900 ரூபா. வெப்பத் தகட்டின் திருகாணிகளுக்குப் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று பொறித்திருப்பார்கள். இறுக்கும்போது அந்த ஒழுங்கில், ஒரேயடியாக இல்லாமல் சிறிது சிறிதாக. முன்னர் அதே இணையவழி வகுப்பு மென்பொருளை ஓட்டினால் 97 பாகைக்குப் போய் அணைந்தது. இப்போது 76இல் நிற்கிறது.

திருகாணிகளை அடுக்குவதற்குக் காந்தப் பாய் விற்கிறார்கள். நான் தடித்த கடதாசி மட்டையில் கணினியின் உருவத்தைக் கீறி, திருகாணி இருந்த இடத்திலேயே குத்தி வைக்கிறேன். அழகாக இராது, ஆனால் 7 மில்லிமீற்றர் திருகாணி 3 மில்லிமீற்றர் துளைக்குப் போகாது. போனால் அடுத்த பக்கத்தில் மதர்போர்டையோ விசைப்பலகையையோ துளைக்கும். ‘கடைசியில் ஒன்று மிஞ்சிவிட்டது’ என்று நகைச்சுவையாகச் சொல்கிறவர்களுக்கு, மிஞ்சியதைவிட மாறிப்போனது ஆபத்து.

இனித் திறப்பதற்கு முந்திய கருவிகள். இவற்றைக் கருவிப் பெட்டியில் சேர்க்காதவர்கள்தான் அதிகம். என் அனுபவத்தில் மல்டிமீட்டர் ஸ்குரூடிரைவரைவிட அதிக வேலை முடித்திருக்கிறது. 1,600 ரூபா கொடுத்து, தொடர்ச்சி, அதாவது கம்பி அறுபடாமல் இருக்கிறதா என்று பார்க்கும்போது பீப் ஒலிக்கும் வகையை எடுத்தேன். அந்த ஒலி இல்லாத மலிவானதை எடுத்தால் ஒவ்வொரு முறையும் தலை நிமிர்ந்து திரையைப் பார்க்க வேண்டும். கீழ்மாடி மாமியின் கணினி ‘செத்துவிட்டது’ என்று வந்தது. அடப்டரின் நுனியில் 19.5 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் கம்பியை அசைக்க அசைக்க 0, 19, 0 என்று துள்ளியது. கணினியைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. டெல், எச்பி வட்ட நுனி அடப்டர்களின் நடுவில் உள்ள மெல்லிய ஊசியை அளந்து மயங்கக்கூடாது. அது அடப்டர் இன்னது என்று கணினிக்குச் சொல்வதற்கு. அளக்க வேண்டியது குழலின் உட்பக்கமும் வெளிப்பக்கமும்.

கொட்டாஞ்சேனையில் தனியார் வகுப்பு நடத்தும் நண்பரின் மேசைக்கணினி அடிக்கடி தானாக மீளத் தொடங்கியது. மின்வழங்கியைத் தனியாகக் கழற்றி, 24 ஊசி இணைப்பியின் பச்சைக் கம்பியைக் கறுப்போடு இணைத்து ஓடவிட்டேன். 12.1 வோல்ட், குற்றமில்லை என்று மூடிவிட்டோம். தொல்லை தீரவில்லை. மறுபடியும் எல்லாவற்றையும் இணைத்து, கணினி வேலை செய்துகொண்டிருக்கும்போதே மிஞ்சியிருந்த நான்கு ஊசி இணைப்பியின் மஞ்சளையும் கறுப்பையும் அளந்தபோது 10.9க்குச் சரிந்தது. 12 வோல்ட் வரியில் ஐந்து வீதம்தான் கூடிக் குறையலாம், அதாவது 11.4க்குக் கீழே போகக்கூடாது. சுமையில்லாமல் அளந்தது ஒப்புக்கு அளந்ததுதான். மின்வழங்கியை முழுதாக மாற்றினோம். அதன் பெட்டியை நான் திறப்பதில்லை. 230 வோல்ட் பக்கத்துக் கொள்ளளவிகள் பிளக்கைக் கழற்றிய பிறகும் மின்னேற்றத்தோடு இருக்கும்.

அதே மீட்டரில்தான் மதர்போர்டின் சிஆர்2032 என்ற நாணய வடிவக் கலத்தையும் பார்க்கிறேன். 3 வோல்ட் கலம், 2.8க்குக் கீழே வந்தால் மாற்றிவிடுகிறேன். திகதி பிந்திப்போகும் கணினி பாதிக்கு மருந்து இதுதான்.

மற்றது தரவு. எந்தக் கணினியையும் திறப்பதற்கு முன் அதிலுள்ள படங்களும் கோப்புகளும் வெளியே வந்துவிட வேண்டும். சாட்டா வட்டுகளுக்கு யூஎஸ்பி கம்பி 1,400 ரூபா, எம்.2 என்ற மெல்லிய அட்டை வடிவ எஸ்எஸ்டிகளுக்கான சிறு உறை 4,500. எம்.2 என்று வடிவம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே தரவு பேசும் முறையில் சாட்டாவும் உண்டு, என்விஎம்இயும் உண்டு. மலிவான உறைகள் ஒன்றை மட்டும் வாசிக்கும். இரண்டையும் வாசிப்பதாகக் கேட்டு வாங்கினேன், ஆகவேதான் அந்த விலை. 3.5 அங்குலப் பழைய வட்டுக்கு யூஎஸ்பி மின்சாரம் போதாது. 12 வோல்ட் தனியாகக் கொடுக்கும் கம்பி வேண்டும். எனக்கு அது இன்னும் தேவைப்படவில்லை. வீட்டிலிருந்த 32 ஜிபி யூஎஸ்பி ஒன்றில் பல இயங்குதளக் கோப்புகளிலிருந்து கணினியைத் தொடக்க உதவும் வென்டோய் போட்டு, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86உம் ஒரு லினக்ஸும் வைத்திருக்கிறேன். ‘கணினி பழுது’ என்று வருவதில் எவ்வளவு உண்மையில் விண்டோஸ் பழுது என்பது கணினியை அதிலிருந்து தொடக்கினால் தெரிந்துவிடும்.

திரவங்களில் 99 வீத ஐசோபுரோப்பைல் அற்ககோல், கால் லீற்றர் 850 ரூபா, இலத்திரனியல் பொருள் விற்கும் கடையில். பார்மசியில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட் காயத்துக்குச் சரி. அதில் நீரும் வேறு சேர்மானமும் இருப்பதால் மின்சுற்றுக்கு வேண்டாம். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் ரேம் அட்டையின் பொன்னிற இணைப்புகள் மங்கிப்போய், கணினி கறுப்புத் திரையோடு நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மெல்லிய அழிறப்பரால் மெதுவாகத் துடைத்து, துகளைத் தட்டி, அற்ககோலால் ஒரு துடை. பாதிப் பேர் புதிய ரேம் வாங்கக் கணினிக் கடைகள் உள்ள யுனிட்டி பிளாசாவுக்குப் புறப்படும் தருணத்தில் இந்த அழிறப்பர் தடுத்திருக்கிறது.

வாங்கிப் பயன்படாதவையும் உண்டு. உறிஞ்சிப் பிடிக்கும் இறப்பர்க் கிண்ணம், கைபேசிக்காரர்களுக்கானது. மதர்போர்டில் செருகினால் பழுதின் குறியீட்டு எண்ணைக் காட்டும் சோதனை அட்டை, அந்த எண்ணின் பொருளைத் தேடுவதற்குள் ரேமை மாற்றிப் பார்த்துவிடலாம். நிலைமின் தடுக்கும் மணிக்கட்டுப் பட்டி இடைநிலை. கொழும்பின் ஈரக்காற்றில் நிலைமின் சேர்வது குறைவு. குளிரூட்டி ஓடும் அலுவலக அறையில் மட்டும் அணிகிறேன், ஏனெனில் அங்கே காற்று உலர்ந்தது.

எல்லாவற்றையும் 1,100 ரூபாப் பிளாஸ்டிக் பெட்டியில் அடுக்கியிருக்கிறேன். பழைய 115 பெட்டியையும், ஏற்கெனவே இருந்த சோல்டரிங் அயன், கப்டன் டேப், யூஎஸ்பியையும், மேலே சொன்ன பயன்படாதவற்றையும் விட்டுக் கூட்டினால் 21,200 ரூபா. ஒரேயடியாக இவ்வளவையும் கொட்ட வேண்டியதில்லை. இப்போது புதிதாகத் தொடங்குகிறவர் கேட்டால் 24 முனைத் தொகுப்பு, கிற்றார்த் தகடு, வளைநுனிச் சாமணம், மல்டிமீட்டர், அற்ககோல் இவற்றோடு நிறுத்தச் சொல்வேன். 8,000 ரூபாவுக்குள் அடங்கும். பசையும் பட்டையும் முதல் கொதிக்கும் கணினி வரும்போது. எம்.2 உறை, யாராவது பழைய வட்டோடு அழுதுகொண்டு வரும்போது.

அடுத்த தடவை நான் மாற்றுவது 0 முனையைத்தான். அதிகம் உழைப்பது அது. தொகுப்பில் ஒன்றுதான் வருகிறது. தேய்ந்தால் மற்ற 23உம் சும்மா. ஜிஸ் (JIS) என்ற ஜப்பானியத் தர அளவில் வெசல் நிறுவனம் செய்யும் தனி ஸ்குரூடிரைவர்களைத் தேடுகிறேன்; பழைய ஜப்பானிய மடிக்கணினிகளில் தலையில் சிறு புள்ளியிட்ட திருகாணிகளுக்கு அது நன்றாக உட்காரும், சாதாரண பிலிப்ஸுக்கும் பொருந்தும். அதற்கு முன்னதாக யூஎஸ்பி-சி மின்னளவி ஒன்று வாங்க வேண்டும். புதிய மடிக்கணினிகளின் அடப்டரை என் மல்டிமீட்டரால் அளக்க முடியாது. கணினியோடு முதலில் பேசி ஒப்புக்கொள்ளாமல் அது 20 வோல்ட்டைத் தருவதில்லை. வெறும் நுனியில் ஊசியை வைத்தால் ஒன்றும் காட்டாது. நடுவில் செருகி வோல்ட்டையும் ஆம்பியரையும் காட்டும் சிறு அளவியை நானா 2,400 ரூபா என்கிறார். 2,000க்குக் கேட்டிருக்கிறேன்.